மூன்றாவது நடை

ஆகஸ்ட் 11

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது. நான் சுகம்தான், முழங்கால் மட்டும் படியேறும்போது முரண்டு பிடிக்கிறது. நீ எப்படி இருக்கிறாய், இருமல் நின்றதா?

உங்கள் முகாமுக்கு லாரி ஓட்டி வருகிறவரிடம் ஒரு மூட்டை கொடுத்துவிட்டிருக்கிறேன். உன் மருமகன் குச்சிக்குத்தான். உனக்கு ஒன்றுமில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. கம்பளிப் போர்வை இரண்டு, அவன் அப்பாவின் கனத்த கோட்டு, தேன் மூன்று டின், உலர்ந்த பழம் ஒரு பை, தோல் பூட்ஸ் ஒரு ஜோடி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எங்கள் சூப்பர்வைசரைக் கஞ்சி என்றுதான் கூப்பிடுவோம், எப்போதும் விறைப்பாகவே இருப்பார். அவர் மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மகனை அனுப்புனது பத்தாதுன்னு வீட்டையும் சேர்த்து அனுப்புறியா?" என்றார்.

மலைக்குப் போகும் நாள் குறித்தாகிவிட்டது என்று குச்சி எழுதியிருந்தான். அவனைப் பட்டாளத்தில் சேர்க்க நான் எதனால் சம்மதித்தேன் என்று உனக்குத் தெரியும். அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு நீ சொன்னாய்: "அக்கா, அந்தக் காலம் இல்ல இது. பட்டாளத்துக்கே சொந்தமா ஹெலிகாப்டர் வந்தாச்சு. பதினோரு நாள் எவனும் மலையேறி நடக்கப் போறதில்ல. அவனை ஏத்திட்டுப் போறவனும் நான்தான், இறக்கிட்டு வர்றவனும் நான்தான்." அந்த ஒரு சொல்லுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். அப்பா இல்லாத வீட்டில் ஒரே பிள்ளை. சொன்னதை மறக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், இருமலும் நலம். மூட்டை வந்து சேர்ந்தது. நேற்று உன் மகனை மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தேன். நாற்பது நிமிஷம். அவன் அப்பா காலத்தில் அதே இடத்துக்குப் போய்ச் சேரும்போது பாதிப் பேருக்குக் கால் பழுத்திருக்கும்.

லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்தவனை இன்று ஹெலிகாப்டர் கதவில் நிற்க வைத்திருக்கிறார்கள் அக்கா. ஆள் ஏற்றுவது, இறக்குவது, சாமான் கட்டுவது எல்லாம் என் பொறுப்பு. முன்பெல்லாம் ஒரு மிஷின் வேண்டுமென்றால் விமானப்படையிடம் போய்க் கையைக் கட்டி நிற்க வேண்டும். அவர்கள் மனசு வைப்பதற்குள் காயம்பட்டவன் கதை முடிந்துவிடும். இப்போது எங்களுடையது, நாங்கள் நினைத்தால் கிளம்பலாம். "மலை நமக்கு மதில் இல்லடா, படிக்கட்டு" என்கிறார் எங்கள் தளபதி.

ஒரே தொல்லை, மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். கீழே பன்னிரண்டு பேரைத் தூக்குகிற மிஷினுக்கு அங்கே ஆறு பேருக்கே மூச்சு வாங்கும். வெயில் ஏறிவிட்டால் காற்று இன்னும் மெலியும், அப்போது அதுவும் சந்தேகம். அதனால் ஒவ்வொருவனையும் மூட்டை முடிச்சோடு தராசில் நிறுத்தி, எடையைச் சீட்டில் எழுதி என்னிடம் தருவார்கள். குச்சி ஏறி நின்றதும் எழுத்தர் "தொண்ணூத்தொண்ணு!" என்று கத்தினான். கூட்டமே சிரித்தது. "மாமா, அம்மா என்னைக் குண்டாக்கிட்டாங்க" என்றான் உன் பிள்ளை. நாலு பேர் முன்னால் மாமா என்று கூப்பிடாதே என்று கண்டித்துவைத்தேன். வேலை வேறு, உறவு வேறு.

கவலைப்படாமல் இரு.

தம்பி


செப்டம்பர் 25

அன்புத் தம்பிக்கு, இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும் பக்கத்து வீட்டுப் பூனையும்.

நேற்று ஆஸ்பத்திரிக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் போனது. கையில் ஈர விரிப்போடு வெளியே ஓடிவிட்டேன். கஞ்சி பின்னாலேயே வந்து, "உன் தம்பி உனக்குக் கை காட்டவா போறான்? விரிப்பு தரையில புரளுது பாரு" என்றார். காட்டினாலும் காட்டுவான் என்றேன்.

நீ மருமகனைக் கண்டித்தது தப்பு. உன்னை மாமா என்று கூப்பிட அந்த ஒருத்தன்தானே இருக்கிறான்? எப்போது கீழே வருவான் என்று எழுது. ஒரு வாரம் முன்னால் தெரிந்தால் லீவு சொல்ல வசதி.

அக்கா


அக்டோபர் 27

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி.

இந்த வருஷம் பனி முன்னாலேயே விழுந்துவிட்டது. மேலே இருந்த பதினாறு பேரையும் கீழே கொண்டுவரச் சொல்லி எட்டாம் தேதி உத்தரவு வந்தது. காலையில் இரண்டு நடை போய்ப் பதினோரு பேரைக் கொண்டுவந்தோம். மூன்றாவது நடைக்குக் கிளம்பும்போது மேகம் இறங்கி முகட்டை மூடிவிட்டது. மீதி ஐந்து பேர் மேலேயே தங்கிவிட்டார்கள். குச்சி மூன்றாவது நடையில் வர வேண்டியவன்.

இன்றோடு பத்தொன்பது நாள். மேகம் விலகவே இல்லை. நடந்து போன கூட்டம் பனிச்சரிவைப் பார்த்துத் திரும்பிவிட்டது. மேலே நான்கு நாளுக்குத்தான் ரொட்டி இருந்தது. அடுப்பெண்ணெய் அதற்கும் குறைவு. காணவில்லை என்றுதான் உனக்குத் தாள் வரும். நீ நம்பிக்கொண்டு இருக்கக்கூடாது என்பதற்காக நானே எழுதுகிறேன். அவன் இல்லை அக்கா.

தம்பி


நவம்பர் 14

தம்பிக்கு,

தாள் வந்தது. கஞ்சி படித்துச் சொன்னார். அன்றைக்குத்தான் அவர் முதுகு வளைந்து பார்த்தேன்.

வீட்டில் படுக்க முடியவில்லை, அதனால் வேலைக்குப் போகிறேன். இஸ்திரி மேஜையில் நிற்கும்போது கை பாட்டுக்கு வேலை செய்கிறது, மனசு உன் கடிதத்திலேயே கிடக்கிறது.

எனக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு சரி. ஆனால் இருபது வருஷமாக விரிப்பு எண்ணி எண்ணிக் கட்டு போட்டவள். மேலே ஆறு பேர் ஏறலாம் என்று நீதான் எழுதினாய். இரண்டு நடைக்குப் பன்னிரண்டு பேர். நீ கொண்டுவந்தது பதினோரு பேர். ஒரு இடம் என்ன ஆனது?

எல்லாவற்றையும் எழுது. அவன் உன்னிடம் பேசினானா? என்ன போட்டுக்கொண்டிருந்தான்? சின்ன விஷயம் என்று எதையும் விடாதே.

அக்கா


டிசம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

இரண்டாவது நடையின்போது வெயில் ஏறிவிட்டது. அதனால் ஐந்து பேரோடு கிளம்பினோம். வேறு ஒன்றுமில்லை. அவன் பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தான். அதிகம் பேச நேரமில்லை, மிஷின் சத்தத்தில் பேசினாலும் கேட்காது.

உன்னிடம் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள். எட்டாம் தேதி வேலைக்கு எங்கள் படைக்குப் பாராட்டு வந்திருக்கிறது. பட்டாளத்தின் சொந்த மிஷினில் அவ்வளவு உயரத்திலிருந்து ஆட்களை இறக்கியது இதுதான் முதல் தடவையாம். என் பேரும் தாளில் இருக்கிறது. வாங்க மனசில்லாமல்தான் வாங்கினேன்.

தம்பி


ஜனவரி 6

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் பட்டாளத்து ஆள் ஒருத்தர் சேர்ந்திருக்கிறார். சமையல்காரர். உருண்டையான மனுஷர், இரண்டு காதிலும் கட்டு. குளிரில் காது போய்விட்டதாம். குச்சியின் அம்மா இங்கே வேலை செய்கிறாள் என்று யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு சலவைக்கூடத்துக்கே வந்துவிட்டார். அழுக்குத் துணி வண்டி மேல் உட்காரவைத்து டீ கொடுத்தேன். காது சரியாகக் கேட்காததால் அவர் கத்திக் கத்திப் பேசினார். கூடத்தில் எல்லோரும் கேட்டார்கள்.

"அம்மா, உங்க பையன் என் பக்கத்துலதாம்மா உக்காந்திருந்தான். என் கையைத் தேய்ச்சு விட்டுக்கிட்டே வந்தான்."

"எங்கே உக்காந்திருந்தான்?" என்றேன்.

"ஹெலிகாப்டர்லம்மா! ரெண்டாவது நடையில. நாங்க ஆறு பேரும் ஏறி உக்காந்தாச்சு. மிஷின் ஒரு ஆள் உயரம் எழும்பிட்டுத் திரும்பவும் உக்காந்துடுச்சு. பைலட்டு ஒரு விரலைக் காட்டினார். கதவுல நின்னவரு பையில இருந்து சீட்டெல்லாம் எடுத்துப் பார்த்துட்டு உங்க பையனை இறங்குன்னாரு. அவன் ஏதோ சொன்னான், சிரிச்சான். அவரு தோளைப் பிடிச்சு இறக்கிட்டாரு."

கதவில் நின்றது யார் என்று அவரிடம் நான் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கப்போவதில்லை. என்ன சொன்னான் என்று மட்டும் எழுது.

அக்கா


ஜனவரி 19

அக்காவுக்கு,

எடை குறைக்க வேண்டுமென்றால் சீட்டில் எவனுக்கு அதிகமோ அவன் இறங்க வேண்டும். அதுதான் சட்டம். யாருக்காகவும் அதை மாற்ற முடியாது. அடுத்த நடையில் வந்து ஏற்றிக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

இதற்குமேல் கேட்காதே. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

தம்பி


ஜனவரி 25

தம்பிக்கு,

என் நல்லதை நீ பார்த்தவரை போதும்.

குச்சி எல்லோரையும்விடக் கனமா? தொட்டிலில் கிடந்தபோதே அவனுக்குக் குச்சி என்று பேர் வைத்தவன் நீதானே? பள்ளிக்கூடத்தில் காற்றடித்தால் அவனைக் கம்பத்தில் கட்டிவையுங்கள் என்று கேலி பேசினவனும் நீதான். ஆறு வாரம் பனியில் காய்ந்தவன் எப்படிக் கனத்தான்? அந்தச் சமையல்காரர் எங்கள் துணி வண்டியில் உட்கார்ந்தார், சக்கரம் முனகியது. அவர் கனமில்லை, என் பிள்ளை கனமா?

ஒன்று நீ பொய் சொல்கிறாய். இல்லாவிட்டால் வேறு எவன் பிள்ளைக்கோ இடம் கொடுத்துவிட்டு என்னிடம் சட்டம் பேசுகிறாய். அம்மா செத்த பிறகு உனக்குச் சோறு போட்டு வளர்த்தவள் நான். உனக்குப் போட்ட சோற்றை நாய்க்குப் போட்டிருந்தால் அது என் பிள்ளையின் சட்டையைக் கவ்வியாவது இழுத்துக்கொண்டு வந்திருக்கும்.

பதில் எழுது. எழுதும்வரை வாரம் ஒரு கடிதம் போடுவேன். உன் தளபதிக்கும் போடுவேன்.

அக்கா


மார்ச் 22

அக்கா,

எட்டுக் கடிதம் வந்தது. தளபதி என்னைக் கூப்பிட்டு, உன் வீட்டு விவகாரத்தை நீயே முடி என்றார். முடிக்கிறேன். கேட்டுக்கொள்.

அவன் சீட்டில் தொண்ணூற்றொன்று என்று இருந்தது. மேலே போன அன்று எழுதியது. உன் மூட்டையோடு சேர்த்து எழுதியது. மற்றவர்களும் மூட்டையோடுதான் நின்றார்கள், ஆனால் அவர்களுடையது பட்டாளம் கொடுத்த மூட்டை மட்டும். உன்னுடையதே பதினாறு கிலோ. அது இல்லாவிட்டால் அவன் சீட்டில் எழுபத்தைந்து. ஆறு பேரில் அவன்தான் குறைவாக இருந்திருப்பான். அவனைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

மேலே தராசு கிடையாது. போகும்போது எழுதிய சீட்டுதான் வரும்போதும். தேன் எப்போதோ தீர்ந்துவிட்டது. போர்வையும் கோட்டும் முதல் நடையில் போன நோயாளிகள் மேல் போர்த்திவிட்டிருந்தான். பூட்ஸையும் யாருக்கோ கொடுத்துவிட்டான். எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தான். கண்ணால் பார்த்தேன். "மாமா, அது அம்மா மூட்டையோட எடை, இப்ப எங்கிட்ட ஒண்ணுமில்ல பாருங்க" என்று கையை விரித்துச் சிரித்தான். அதைத்தான் அவன் சொன்னான்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மாமா என்று அவன் சொன்னது அவர்களுக்கும் கேட்டிருக்கும். அடுத்த சீட்டு எண்பத்தெட்டு, உன் சமையல்காரன். சொந்த மருமகனை உட்காரவைத்துவிட்டு அடுத்தவனை இறக்கினான் என்று நாளைக்கு ஒருவனும் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? நீ இதைப் படிக்கிற நேரம்கூட இல்லை. "சீட்டுல என்ன இருக்கோ அதுதான், இறங்கு" என்றேன்.

மூட்டை விஷயத்தை உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் ஐந்து மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நீ விடவில்லை. இப்போது இரண்டு பேருக்கும் தெரியும்.

தம்பி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. படித்த அன்று வேலைக்குப் போனேன். மறுநாளும் போனேன். சமையல்காரருக்கு வீட்டுக்குப் போக அனுமதி கிடைத்தது. சொல்லிவிட்டுப் போக வந்தார். அவர்தான் எண்பத்தெட்டு என்று தெரிந்துகொண்டே டீ கொடுத்தேன். என் பிள்ளை தேய்த்துவிட்ட கை எது என்று கேட்டேன். இரண்டையும் நீட்டினார். பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போய் வாருங்கள் என்றேன். அவர் மேல் தப்பில்லை.

மூட்டை கட்டினவள் நான்தான். அதை இனி யாரும் எனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. தூங்கி எழுந்தால் முதலில் அதுதான் நினைவு வருகிறது. செத்துப்போகும்வரை வரும். அது என் பாடு. ஆனால் அங்கே நான் இல்லை. அவன் கையை விரித்துக் காட்டியபோது பார்த்த கண் உன்னுடையது. நான் தெரியாமல் செய்தேன், நீ பார்த்துக்கொண்டே செய்தாய். இரண்டையும் ஒரே கட்டில் போட்டுக் கட்டி என் கையில் கொடுக்காதே.

பனி உருகிவிட்டது, மே மாதம் ஹெலிகாப்டர் மேலே போய் ஐந்து பேரையும் கொண்டுவரும் என்று பட்டாள ஆபீஸிலிருந்து எழுதியிருக்கிறார்கள். நீ போக வேண்டும். உடம்பு சரியில்லை, வேறு வேலை என்று எதையும் சொல்லாதே. அவனைத் துணியில் சுற்றுகிற கை உன் கையாக இருக்க வேண்டும்.

அங்கே அப்போதும் வெயில் ஏறும். மிஷின் அப்போதும் முக்கும். பைலட் அப்போதும் விரலைக் காட்டுவார். யார் இறங்க வேண்டும் என்று அப்போது சீட்டைத் தேடிக்கொண்டு நிற்காதே, நான் இப்போதே சொல்லிவிட்டேன். நீ இறங்கு.

அக்கா


ஜூன் 9

ஆஸ்பத்திரியில் இருக்கிற தம்பிக்கு,

ஜுரம் விட்டுவிட்டதாகவும் உட்கார்ந்து சாப்பிடுவதாகவும் கேள்விப்பட்டேன். இடது காலில் மூன்று விரல் எடுத்துவிட்டார்களாம். எந்த மூன்று என்று ஆபீஸில் கேட்டேன், அவர்களுக்குத் தெரியவில்லை.

அவன் போன மாதம் பதினெட்டாம் தேதி வந்தான். பெட்டியோடு ஓர் ஆபீசர் வந்தார். சின்ன வயசு, தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது நடையில் உங்கள் பிள்ளையை ஏற்றின பிறகு மிஷின் எழும்பவில்லை, யாரும் சொல்லாமலேயே உங்கள் தம்பி குதித்து இறங்கிவிட்டார், அடுத்த நடைக்குள் மேகம் வந்துவிட்டது என்றார். ஆறு நாள் நீ தனியாக அங்கே இருந்தாய். கஷ்டமான செய்தி என்று குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். நான் அழவில்லை என்று அவருக்கு ஆச்சரியம்.

உண்மையைச் சொல்கிறேன். முதல் மூன்று நாள் நீயும் வரக்கூடாது என்றுதான் நினைத்தேன். அவனை அடக்கம் பண்ணிவிட்டு வந்து, சாப்பிட்டேன், தூங்கினேன். ஏழு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் விடியும்வரை தூங்கினேன். நான்காவது நாள் உனக்கு ஏழு வயசில் அம்மை போட்டுக் கிடந்தது நினைவு வந்தது. அதற்குமேல் தூக்கமில்லை. அவ்வளவுதான். அதை இரக்கம் என்று எடுத்துக்கொண்டு விடாதே.

பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். திறந்தேன். பனியில் இருந்ததால் முகம் அப்படியே இருந்தது. "தூக்கத்துலயே போயிருப்பாங்கம்மா, முதல் ராத்திரியே. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றார் அந்த ஆபீசர். நல்ல பிள்ளை, யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறது.

அவன் முகத்தில் தாடி இருந்தது தம்பி. கீழே தளபதி பார்ப்பார் என்று அக்டோபர் எட்டாம் தேதி காலையில் எல்லோரும் பனியை உருக்கிச் சவரம் செய்துகொண்டதாகச் சமையல்காரர் டீ குடிக்கும்போது சொல்லியிருந்தார். விரலை வைத்துப் பார்த்தேன். என் சுண்டுவிரல் நகத்தின் நீளம் இருந்தது. நோயாளிகளுக்குச் சவரம் செய்கிறவரிடம் போய், இவ்வளவு வளர எத்தனை நாள் என்று நகத்தைக் காட்டிக் கேட்டேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. "மூணு வாரம் ஆகும்மா. அதுக்கு மேல இருந்தாலும் இருக்கும், குறையாது" என்றார்.

வீட்டுக்கு வந்து உன் அக்டோபர் மாதக் கடிதத்தை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். அவன் இல்லை அக்கா என்று நீ எழுதியபோது அவன் இருந்தான்.

இப்போது எனக்குத் தெரிய வேண்டியதைச் சொல்ல உலகத்தில் உன்னைத் தவிர ஆளில்லை. அவன் இருந்த கூடாரத்தில் நீ இருந்திருக்கிறாய். உனக்கு ஆறு நாள், அவனுக்கு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். உனக்கு மே மாதம், அவனுக்குப் பனிக்காலம். அதை நானே கூட்டிக்கொள்கிறேன். நீ உன் ஆறு நாளை மட்டும் எழுது. முதலில் எது மரத்துப்போகிறது? பசி எத்தனையாவது நாள் அடங்குகிறது? படுத்தால் மேலே என்ன தெரிகிறது? மிஷின் வராதபோதும் அதன் சத்தம் காதில் கேட்கிறதா? கேட்டால் எழுந்து வெளியே ஓடத் தோன்றுகிறதா? கூப்பிட வேண்டும் போலிருந்தால் யாரைக் கூப்பிட்டாய்?

ஒன்றையும் விடாதே. என் நல்லதுக்கு என்று எதையும் மறைக்காதே. உன் விரல்களுக்கு எழுத வராவிட்டால் நர்ஸிடம் சொல்லி எழுதச் சொல். அதுவும் முடியாவிட்டால் கால் ஆறியதும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சொல். அதற்காக வருவதானால் வா. மன்னிப்பு கேட்க வருவதானால் வராதே.

அக்கா